உங்களுக்குத் தெரியுமா? கதவு சாத்திய காலங்கள்

● ஆன்லைன் வகுப்பு 2020-ல் பிறந்ததல்ல. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் போலியோ பரவியது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க வேண்டிய நேரம். திறக்க முடியவில்லை. நகரத்துப் பள்ளி நிர்வாகம் உள்ளூர் வானொலி நிலையங்களிடம் நேரம் கேட்டு வாங்கி, 3 முதல் 8-ம் வகுப்பு வரையிலான 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியிலேயே பாடம் நடத்தியது. ஒரு பாடம் 15 நிமிடம். எந்த வகுப்புக்கு எந்த நிலையம், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அன்றைய நாளிதழிலேயே அச்சாகிவிடும். பெற்றோர் சந்தேகம் கேட்கத் தனியாகத் தொலைபேசி வசதியும் உண்டு. முதல் நாளே ஆயிரத்துக்கும் மேல் அழைப்புகள் வந்து குவிந்தன.

வந்த புகார்களைக் கேளுங்கள்: வாத்தியார் வேகமாகப் பேசுகிறார், இடையில் இரைச்சல் வருகிறது, பிள்ளை புத்தகத்தைத் திறப்பதற்குள் பாடம் முடிந்துவிடுகிறது, எங்கள் வீட்டில் வானொலியே இல்லை. வானொலி என்ற இடத்தில் செல்போன் என்று போட்டால் அப்படியே 2020.

● தமிழகத்தின் ‘கல்வி தொலைக்காட்சி’ கொரோனாவுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. ஏழு மாதம் கழித்துப் பள்ளிகள் மூடப்பட்டபோது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது அதுதான்.

● தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செல்போனிலேயே வகுப்பு. ஆனால் போன் யாருடையது? பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவுடையது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பினால் வகுப்பும் அவருடனே கிளம்பிவிடும். அண்ணனும் தங்கையும் படிக்கிற வீட்டில் இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களில் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் நேரில் போய் விசாரித்தார்கள். கிராமப்புறத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்துவந்த பிள்ளைகள் வெறும் 8 சதவீதம். 37 சதவீதம் பேர் எதையுமே படிக்கவில்லை. ‘பள்ளி மூடியிருக்கிறது, படிப்பு தொடர்கிறது’ என்று அப்போது எத்தனை மேடைகளில் கேட்டோம்!

● அதே 2021-ன் அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தொடக்க விழா நடந்தது விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். அந்தந்தத் தெருவில் குடியிருக்கும் படித்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்கள். திண்ணையிலோ வாசலிலோ பாய் விரித்து, மாலை 5 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் வரை பாடமும் விளையாட்டும். பத்தாண்டுகளாகச் ‘செயலி, செயலி’ என்று பேசிவிட்டுக் கடைசியில் தெருவிளக்குக்கும் டீச்சர் அக்காவுக்கும் திரும்பியதுதான் உருப்படியான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

● 2020-ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தமிழகத்தில் ரத்தானது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘ஆல் பாஸ்’. மதிப்பெண்ணுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதம். அரையாண்டை அலட்சியமாக எழுதிவிட்டு ‘பப்ளிக்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றிருந்தவர்கள்தான் அந்த ஆண்டு அதிகம் புலம்பினார்கள்.

● உலகிலேயே மிக நீண்ட காலம் பள்ளிகள் மூடிக்கிடந்த நாடுகளில் முதலாவதாகச் சொல்லப்படுவது உகாண்டா. 2020 மார்ச்சில் சாத்திய கதவுகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10-ல். ஸ்வீடனிலோ 9-ம் வகுப்பு வரையிலான பள்ளிகள் பொதுவாகத் திறந்தே இருந்தன.

● 1665-ல் இங்கிலாந்தின் டெர்பிஷையர் பகுதியிலுள்ள ஈம் என்ற சிற்றூருக்கு லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. தையல்காரர் வீட்டில் பிரித்துக் காயவைத்தார்கள். சில நாட்களில் அந்த வீட்டு உதவியாள் பிளேக்கில் இறந்தார். மறு கோடையில் நோய் மீண்டும் மூண்டபோது, ‘நோயை வெளியே கொண்டுபோக மாட்டோம், ஊரைவிட்டு யாரும் போக வேண்டாம்’ என்று பாதிரியார் வில்லியம் மாம்பெசன் சொல்ல, ஊர் ஒப்புக்கொண்டது.

எல்லையில் ஒரு கல் இன்றும் இருக்கிறது. அதில் சிறு சிறு குழிகள். குழியில் வினிகர் ஊற்றி அதற்குள் காசைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சாமானை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு வழிபாட்டைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள். குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். இறந்தவரை அவரவர் வீட்டாரே அடக்கம் செய்ய வேண்டும் என்பது விதி. ஒரு பெண்மணி எட்டு நாளுக்குள் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

இந்தத் தியாகக் கதையில் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எல்லை போடுவதற்கு முன்பே வசதியுள்ள சிலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பாதிரியாரும் தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியூருக்கு அனுப்பிவிட்டார். கூடவே தங்கிய அவர் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார்.

● அதே பிளேக் காலத்தில்தான் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டு, நியூட்டன் தன் சொந்த ஊரான வுல்ஸ்தார்ப்புக்கு வந்து கணிதத்திலும் ஒளியிலும் பெரும் சிந்தனைகளில் மூழ்கினார். 2020-ல் வீட்டில் முடங்கியவர்களுக்கெல்லாம் இந்தக் கதை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது: ‘பாருங்கள், நீங்களும் சாதிக்கலாம்!’ நியூட்டனுக்குப் பண்ணை வீடு இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, கைக்குழந்தை இல்லை. இதை யாரும் பார்வர்டு செய்யவில்லை.

● 2019-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்தைய நிலவரம். அதன் பிறகு மொத்தக் குடும்பமும் மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிட்டது. உதவிக்கு வரும் அம்மாவை அபார்ட்மென்ட் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

● வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தி கூடுமா, குறையுமா? கொரோனாவுக்குப் பத்தாண்டு முன்பே ஷாங்காயில் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு பயண ஏற்பாட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் விரும்பி முன்வந்த ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பி, பாதிப் பேரை அலுவலகத்தில் வைத்து ஒன்பது மாதம் அளந்தார் ஸ்டான்போர்டு பேராசிரியர் நிக்கலஸ் புளூம். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியிருந்தது. 2020-ல் எல்லா நிர்வாகமும் இந்த 13-ஐத்தான் மேற்கோள் காட்டியது.

சொல்லாமல் விட்டவை இரண்டு. சோதனையில் சேர வேண்டுமானால் வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒன்பது மாதம் முடிந்து ‘இனி உங்கள் விருப்பம்’ என்றபோது, வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

● 2025-க்குள் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். 2020-ல் அறிவித்தது. 2023-ல் எல்லோரையும் திரும்ப அழைத்தது. அதைவிட வேடிக்கை, அதே ஆண்டில் ஜூம் நிறுவனமும் அலுவலகத்துக்கு அருகில் வசிக்கும் தன் ஊழியர்களை வாரம் இரண்டு நாள் நேரில் வரச் சொன்னது. ஆம், அந்த ஜூம்தான்!

● ஜப்பானில் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தடையாக இருந்தது இணையமோ கணினியோ அல்ல, ரப்பர் ஸ்டாம்புக்கு அண்ணனான ‘ஹான்கோ’ முத்திரை. எந்த ஆவணமானாலும் சிவப்பு மையில் முத்திரை விழ வேண்டியிருந்தது. அந்த ஒரு குத்துக்காகவே நோய்க்காலத்தில் ரயிலேறி அலுவலகம் போனார்கள். 2020 இறுதியில் அமைச்சர் டாரோ கோனோ, முத்திரை கேட்கும் ஏறத்தாழ 15,000 அரசு நடைமுறைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து அதை நீக்குவதாக அறிவித்தார்.

● 1918 ‘ஸ்பானிஷ்’ காய்ச்சலின்போது நியூயார்க்கில் பள்ளிகளை மூடவில்லை. சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் சொன்ன காரணம் இது: நகரத்தின் 10 லட்சம் மாணவர்களில் ஏழரை லட்சம் பேர் இடுக்கான குடியிருப்புகளில் வசிக்கிறார்கள், அந்த வீட்டைவிடப் பள்ளி காற்றோட்டமானது, பள்ளியில் நர்ஸ் கண்ணில் படுவார்கள். மாற்ற வேண்டியது வேலை நேரம் என்றார் அவர். கடை, அலுவலகம், தொழிற்சாலை, திரையரங்கு ஒவ்வொன்றுக்கும் திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள், சுரங்க ரயிலில் நெரிசல் குறைய. பிள்ளை திரும்பிப்போகும் வீடு எப்படி இருக்கும் என்று பார்த்து விதி எழுதியவர் அவர். அது அபூர்வம்.

● தொற்று வந்தால் முதலாளிகள் சட்டப் புத்தகத்தைத் தேடுவது பழைய வழக்கம். கருஞ்சாவு எனப்பட்ட பிளேக் இங்கிலாந்தின் உழைப்பாளிகளைப் பெருமளவில் கொன்றபின், எஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். நோய்க்கு முன்பிருந்த கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1349-ல் அரசாணையும் 1351-ல் சட்டமும் வந்தன. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, தொழிற்சாலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம், மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டியதில்லை என்று அறிவிக்கை வெளியிட்டது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

● 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் அறிவித்தார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். பயணிகள் ரயில்கள் அதற்கு இரண்டு நாள் முன்பே நின்றுவிட்டன. வாடகையும் கூலியும் நாள்கணக்கில் ஓடும் மனிதனுக்கு ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற சொல்லில் ‘வீடு’ எது? கட்டட வேலை நின்றால் கொட்டகையும் போய்விடும். நடக்கத் தொடங்கினார்கள். தலையில் பை, இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர் பாட்டில்.

புலம்பெயர் தொழிலாளருக்கான முதல் ‘ஷ்ராமிக்’ சிறப்பு ரயில் தெலங்கானாவின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குப் புறப்பட்டது மே 1-ல், அதாவது ஐந்து வாரம் கழித்து. ஒரு வாரத்தில், மே 8 அதிகாலையில், மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். ரயில்கள் நின்றுவிட்டன என்று நம்பித்தான் படுத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சப்பாத்திகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படம் மறுநாள் பத்திரிகைகளில் வந்தது. ஷ்ராமிக் ரயில்களில் மொத்தம் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள்.

● சிங்கப்பூரில் தமிழர் உள்ளிட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் அப்போது ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர், அதற்கு மேலும் இருந்தார்கள். ‘ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள்’ என்றால் மேல் கட்டிலுக்கும் கீழ்க் கட்டிலுக்கும் இடையே அந்த மீட்டரை எங்கே தேடுவது? 2020 டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மற்றவர்கள் கடைவீதிக்குப் போய்வந்த காலத்திலும் இவர்களுக்குப் பணியிடம், விடுதி, குறிப்பிட்ட பொழுதுபோக்கு மையம் ஆகியவை மட்டும்தான். 2021 செப்டம்பரில்தான் சோதனை முறையில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை வெளியே அனுமதித்தார்கள். போக அனுமதித்த இடங்களில் லிட்டில் இந்தியாவும் ஒன்று.

● தரையில் இருந்தவர்கள் வீட்டுக்குள் சிக்கிக்கொண்டபோது மாலுமிகள் வீட்டுக்கு வெளியே சிக்கிக்கொண்டார்கள். 2020 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். நமக்கு அரிசியும் மருந்தும் தடையின்றி வந்தன. கொண்டுவந்தவர்களுக்குப் பல துறைமுகங்கள் கதவு திறக்கவில்லை.

● மண்டபம் முகாம் என்றதும் இலங்கை அகதிகள் நினைவுக்கு வருவார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே அது எதிர்த்திசையில் போனவர்களுக்கான தடுப்பு முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துப்போன தமிழ்த் தொழிலாளர்களைப் பிளேக், அம்மை, காலரா பயத்தில் இங்கே சில நாட்கள் நிறுத்திவைத்து, சோதித்து, தடுப்பூசி போட்ட பிறகே கடலைத் தாண்ட விட்டார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்பதற்கு அடையாளமாக எண் பொறித்த தகர வில்லையைக் கட்டியனுப்பும் வழக்கமும் இருந்தது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய மேல்வகுப்புப் பயணிக்கு இந்த வில்லை கிடையாது.

● 1897-ல் புனேயில் பிளேக் தடுப்பு அதிகாரி ராண்டின் ஆட்கள் வீடுவீடாகப் புகுந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸ் காலோடு சமையலறைக்கும் பூஜையறைக்கும் போனதும், பெண்களைப் பலர் பார்க்கச் சோதித்ததும் ஊரைக் கொதிக்கவைத்தன. ஜூன் 22-ம் தேதி, விக்டோரியா மகாராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆங்கிலேயர் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 123 ஆண்டு கழித்துக் கொரோனாவுக்கும் நாம் தூசு தட்டி எடுத்தோம்.

● அந்தக் கால இங்கிலாந்தில் ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த குழந்தையைத் தொற்று மருத்துவமனையில் வாரக்கணக்கில் வைத்துவிடுவார்கள். பெற்றோர் உள்ளே போக முடியாது. வீட்டில் போனும் இல்லை. குழந்தைக்கு ஓர் எண் கொடுப்பார்கள். உள்ளூர் மாலைப் பத்திரிகையில் எண்களின் பட்டியல் வரும்: இன்னின்ன எண்கள் அபாய நிலையில், இன்னின்ன எண்கள் தேறி வருகின்றன. அம்மா கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கித் தன் எண்ணைத் தேட வேண்டும்.

● ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸும் சுவிட்சர்லாந்தின் குரொய்ட்ஸ்லிங்கனும் ஒட்டிப்பிறந்த ஊர்கள். இடையில் இருந்த எல்லை வேலியை 2006-ல் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சிற்பங்களை நட்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் மறுபடி வேலி வந்தது. இந்தப் பக்கம் காதலன், அந்தப் பக்கம் காதலி. கம்பி இடுக்கில் விரல் கோத்தார்கள், முத்தமிட்டார்கள். பார்த்த அதிகாரிகள் இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு வேலி போட்டார்கள். அப்படியும் மடக்கு நாற்காலியும் காபி பிளாஸ்க்கும் கொண்டுவந்து, இரண்டு வேலிக்கும் அப்பால் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஜோடி பேசுவதும் காதில் விழும். என்ன செய்ய!

● பனாமாவில் 2020 ஊரடங்கின்போது திங்கள், புதன், வெள்ளி பெண்கள் மட்டும் வெளியே வரலாம். செவ்வாய், வியாழன், சனி ஆண்கள். ஞாயிறு எல்லோரும் வீட்டில். எந்த நாளில் வந்தாலும் காவலரிடம் மாட்டிக்கொண்டவர்கள் திருநர்கள். பெரு நாடும் இதே முறையைக் கொண்டுவந்து சில நாட்களில் கைவிட்டது.

● மதுரையில் சித்திரைத் திருவிழா 2020-ல் இல்லை. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் மே 4-ல் ஒரு சில சிவாச்சாரியார்களை வைத்து நடத்தி இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். திருமாங்கல்யதாரணத்தின்போது கோயிலில் நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், அன்று டி.வி.க்கும் செல்போனுக்கும் முன்னால் மஞ்சள் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள்.

● இலங்கையில் கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று 2020-ல் விதித்தார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. முஸ்லிம் குடும்பங்களின் எதிர்ப்பை மீறி, பிறந்து 20 நாளான குழந்தை உட்பட, உடல்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதித்தார்கள். கொழும்பில் இறந்தவரையும் அங்கேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. எந்த நோயியலும் கேட்காத கட்டுப்பாடு அது.

● 1918 காய்ச்சலில் இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். 20-ம் நூற்றாண்டில் நாட்டின் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு, 1921 கணக்கெடுப்போடு முடிந்த அந்தப் பத்தாண்டுதான். ஆனால் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்று எழுதிவைத்த சாமானியர்கள் மிகக் குறைவு. அந்த நோயில் மனைவியையும் உறவினர் பலரையும் இழந்த இந்திக் கவிஞர் நிராலா எழுதியதுபோலச் சிலதான் மிச்சம்.

இந்த முறை உரிய காலத்தில் கணக்கெடுப்பும் இல்லை. 1881 முதல் பத்தாண்டுக்கொரு முறை தவறாமல் நடந்துவந்தது 2021-ல் முதன்முதலாகத் தள்ளிப்போனது. ஆகவே, அந்த நாட்களின் இ-பாஸ் பிரதி, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு நோட்டு, ஐம்பது பேருக்கு மட்டும் அடித்த கல்யாணப் பத்திரிகை ஏதாவது உங்கள் பீரோவில் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தில் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள்.